கரடி வரும் இடம்

அந்தப் படம் அப்படியொன்றும் அதிசயமான படம் இல்லை. ஆண்டுக் கடைசி விடுமுறைக்கு வீடு திரும்பும் ஒரு பாட்டுக் கோஷ்டி, பனியில் ரயில் நின்றுபோய் ஒரு குட்டி ஸ்டேஷனில் மாட்டிக்கொள்கிறது. அங்கே ஒரு சிடுமூஞ்சி ஸ்டேஷன் மாஸ்டர். பத்து நிமிஷத்துக்கு ஒரு பாட்டு. கடைசியில் சிடுமூஞ்சியும் பாடுகிறான், ரயிலும் கிளம்புகிறது. இதைத்தான் லிஃப்ட் மெக்கானிக்கின் மாமனார் வீட்டில் இருபத்தாறு வருஷமாக, விடுமுறையின் முதல் நாள் மத்தியானம், கதவைச் சாத்திக்கொண்டு பார்க்கிறார்கள்.

பார்ப்பது, டிவியிலிருந்து பதிவு செய்த பழைய வீடியோ கேசட்டில். அதன் நடுவில் ஒரு ஓட்டை. மச்சான் ஐந்து வயதில் ஏதோ ஒரு பொத்தானை அழுத்தி, ஒன்பது நிமிஷப் படத்தின் மேல் வானிலை அறிக்கையை ஏற்றிவிட்டான். ஓட்டைக்கு முன்னால் ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்டூலில் ஏறி விளக்குச் சரம் கட்டுகிறான். ஓட்டைக்குப் பின்னால் கையில் கட்டோடு பாடகிக்கு மோதிரம் போடுகிறான். நடுவில் என்ன நடந்தது? படத்தைத் தியேட்டரில் பார்த்தவர் மாமனார் ஒருவர்தான். ஸ்டேஷனுக்குள் கரடி புகுந்துவிட்டது என்பார். வானிலை அறிக்கை வந்ததும் படத்தை நிறுத்திவிட்டு, அந்த ஓய்வுபெற்ற பஸ் டிரைவர் மேஜை விரிப்பைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து, ஸ்டேஷன் மாஸ்டராகிக் கரடியோடு மல்லுக்கட்டிக்கொண்டே பாடுவார். மாமியார் பாடகி. மகள், அதாவது மெக்கானிக்கின் மனைவி, ரயில் எஞ்சின். மச்சான் கரடி.

மாப்பிள்ளைக்கு? ரிமோட். கல்யாணமான மூன்று வருஷமாக நிறுத்துவதும் ஓட்டுவதும் அவர் வேலை. ரொம்ப நல்ல ரசிகர் என்று மெச்சுவார்கள். அதற்கு விருந்தாளி என்று அர்த்தம், அது அவருக்கு உறுத்தியது. இந்த வீட்டில் நமக்கும் ஒரு இடம் வேண்டாமா? பழுது என்று ஒன்றைப் பார்த்தால் சும்மா இருக்கிற கையா அது? நான்கு மாதம் தேடி அலைந்து, வெட்டே இல்லாத முழுப் படத்தை டிஸ்க்கில் வாங்கிவிட்டார். பிள்ளையார் பிடிக்கப் போன கதைதான்.

சாப்பிடும்போது அறிவித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். மாமனார் மட்டும் தண்ணீர் எடுத்துக் குடித்தார். பிறகு அவருக்கு லேசாகத் தலை வலித்தது. சீட்டு விளையாடலாமே என்றார். புதுசு பழசு மாதிரி வருமா என்றார். மச்சான் விடவில்லை. இத்தனை வருஷமாகத் தான் ஆடுகிற கரடியை ஒரு தடவையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று குதித்தான்.

லிஃப்ட் வேலையில் ஒரு வழக்கம் உண்டு. ஆளை ஏற்றும் முன் வெறும் லிஃப்டை ஒருமுறை மேலும் கீழும் ஓட்டிப் பார்த்துவிட வேண்டும். அந்தப் பழக்கத்தில், மற்றவர்கள் பாத்திரம் கழுவும் நேரத்தில், படுக்கையறை லேப்டாப்பில் டிஸ்க்கைப் போட்டு நேராக அந்த ஒன்பது நிமிஷத்துக்குப் போனார். ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்டூலிலிருந்து வழுக்கி விழுந்தான். பாடகி கட்டுப் போட்டாள். இரண்டு பேரும் பெஞ்சில் உட்கார்ந்து மெதுவாக ஒரு பாட்டுப் பாடினார்கள். நல்ல பாட்டுதான். கரடி இல்லை. கரடியின் ஒரு முடிகூட இல்லை.

மாமனாரின் தலைவலி எங்கிருந்து வந்தது என்று அப்போதுதான் புரிந்தது. பெற்ற பிள்ளைகள் முன்னால் மனுஷனின் குட்டு உடையப் போகிறது, உடைக்கப் போவது தன் கை. மெக்கானிக் டிஸ்க்கை வெளியே எடுத்தார்.

ஹாலில் எல்லோரும் தயாராக இருந்தார்கள். மாமனார் ஓரத்து நாற்காலியில், மேஜை விரிப்பை மடித்து மடியில் வைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் உட்கார்ந்திருந்தார். மெக்கானிக் டிஸ்க்கைப் பிளேயரில் போட்டார், எடுத்தார், சட்டையில் துடைத்தார், பிளேயருக்குப் பின்னால் தலையை விட்டு எதையோ குடைந்தார். பிறகு, பதினைந்து வருஷத் தொழிலில் அவர் வாயில் வராத ஒன்றைச் சொன்னார்.

"இதைச் சரிபண்ண முடியாது. டிஸ்க் போச்சு."

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தான். இவர் கை வைத்த லிஃப்டில் ஏறுகிறவர்கள் வீட்டில் சொல்லிக்கொண்டு வருவது நல்லது என்றான். நாலு மாசம் தேடியதற்கு நல்ல பொருள்தான் என்றாள் மனைவி. அவள் சொன்னது கொஞ்சம் சுருக்கென்று தைத்தது. அதையும் வாங்கிக்கொண்டு மெக்கானிக் பழைய கேசட்டைப் போட்டார்.

ஸ்டேஷன் மாஸ்டர் ஸ்டூலில் ஏறினான். வானிலை அறிக்கை வந்தது. நாளை லேசான மழை என்றாள் அறிக்கை வாசிக்கும் பெண், வருஷா வருஷம் சொல்வது போலவே. மெக்கானிக் ரிமோட்டை அழுத்தினார். மாமனார் எழுந்து வந்தார், ஆனால் பாடவில்லை. மாப்பிள்ளை பக்கம் குனிந்து, அவருக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"போட்டுப் பார்த்துட்டீங்க, இல்ல?"

"கொஞ்சம் பார்த்தேன், மாமா."

"நான் பார்த்ததில்ல. ராத்திரி டூட்டி முடிச்சுட்டு தியேட்டருக்குப் போனேன், அந்த இடத்துல தூங்கிட்டேன். படத்தைக் கெடுத்துட்டோம்னு பையன் அன்னிக்கு அழுத அழுகை இருக்கே, வாயில வந்தது கரடி." கொஞ்சம் தயங்கினார். "அங்க நிஜமா என்னதான் வருது?"

மெக்கானிக் அவர் முகத்தைப் பார்த்தார்.

"கரடிதான், மாமா."

மாமனார் அவர் கையிலிருந்த ரிமோட்டை வாங்கி டிவிக்கு மேலே வைத்தார். உள்ளே போய்ப் பழுப்புக் கம்பளி ஒன்றைக் கொண்டுவந்து மாப்பிள்ளையின் தலையில் போட்டார்.

"இந்த வருஷம் ரெண்டு கரடி," என்று ஹாலுக்கே அறிவித்தார்.

ரயில் எஞ்சின் ஊதியது. ஸ்டேஷன் மாஸ்டர் புதுக் கரடியை, பழைய கரடியைவிடப் பலமாகவே சாத்தினார். கம்பளிக்குள் மெக்கானிக்குக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.