இடது ஸ்பீக்கரிலிருந்து வந்தவர்

வயலின்காரம்மா இடது ஸ்பீக்கரிலிருந்து இறங்கி வந்தது ஒரு செவ்வாய்க்கிழமை, மத்தியானம் மூன்றேகால் மணிக்கு. பாட்டு அப்போது நான்காவது நிமிடத்தில் இருந்தது. வில்லை டீப்பாய்மேல் வைத்துவிட்டுக் குடிக்கத் தண்ணீர் கேட்டார்.

வீட்டுக்காரர் முப்பத்தோரு வருடம் லிஃப்ட் மெக்கானிக். எட்டாவது மாடியில் இருக்கும் கோளாறைத் தரைத்தளத்தில் நின்றே காதால் கண்டுபிடித்துவிடுவார் என்று பெயர். ஓய்வு பெற்றதும் அந்தக் காதுக்கு வேலையில்லாமல் போயிற்று. ஓர் ஆம்ப்ளிஃபயரும் இடுப்பு உயர ஸ்பீக்கர்கள் இரண்டும் வாங்கினார். செல்போனில் ஊரே கேட்பதெல்லாம் வெறும் சக்கை என்று சொல்லி, ஒரு பாட்டே ஒரு சினிமாவின் இடத்தை அடைக்கும் உயர்தர ஃபைல்களாக இறக்கி ஹார்ட் டிஸ்க்கை நிரப்பினார். சோபாவுக்கும் ஸ்பீக்கருக்கும் நூல் பிடித்து அளந்தார். பாட்டு ஓடும்போது ஃபேன் சுற்றக்கூடாது, ஃப்ரிட்ஜ் உறுமக்கூடாது. குறிப்பிட்ட ஒரு வயலின் பாட்டை நாளைக்கு ஆறு தடவை போடுவார். இரண்டாவது நிமிடத்தில் வாசிப்பவர் மூச்சை இழுப்பது கேட்கும். அந்த இடத்தில் கண்ணை மூடித் தலையாட்டுவார்.

அவர் மனைவிக்கு மருத்துவமனைச் சலவைப் பிரிவில் வேலை. இருபத்தாறு வருடமாகப் படுக்கை விரிப்புகளை வெளுத்து, ஆவியில் நின்று தேய்த்துக்கொண்டிருந்தார். மூன்று மாதமாக இருமல். பாட்டுக்கு நடுவில் இருமினால் வீட்டுக்காரர் முகம் சுளிக்கிறார் என்பதால், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு துண்டை வாயில் பொத்தி இருமப் பழகிக்கொண்டார்.

தண்ணீர் கொண்டுவந்தது மனைவிதான். வந்தவர் யார், எப்படி வந்தார் என்று அவர் விசாரிக்கவில்லை. வீங்கிய கணுக்கால்களைத்தான் பார்த்தார்.

"எவ்வளவு நேரமா நிக்கிறீங்க?"

"பதினோரு வருஷமா. பாட்டைப் பதிவு பண்ணின நாள்லேருந்து."

மனைவி தலையணையை எடுத்துக் கொடுத்தார். வயலின்காரம்மா சோபாவில் காலை நீட்டினார். பாட்டு வயலின் இல்லாமல், பியானோவை மட்டும் வைத்துக்கொண்டு எப்படியோ ஓடி முடிந்தது. வீட்டுக்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எப்போது திரும்பிப் போவதாக உத்தேசம் என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். செல்போனில் கேட்கும் சின்ன ஃபைலில் எல்லாமே மங்கல், பாதித் தூக்கத்தில் வாசித்தாலும் யாருக்கும் தெரியாது, இங்கே விரல் நோவுகூட வெளியே கேட்கிறது என்றார் அந்தம்மா. பிறகு கண்ணைத் திறக்காமலே சொன்னார்:

"என் மூச்சைக் கேட்டுத் தலையாட்டுறீங்க. உங்க வீட்டுல அவங்க கதவைச் சாத்திட்டு இருமுறது, பாட்டுக்குள்ள இருக்கிற எனக்கே கேக்குது. உங்களுக்குக் கேக்கலையா?"

வீட்டுக்காரர் ஆம்ப்ளிஃபயரை அணைத்தார். மனைவியை உட்காரவைத்து, முதுகில் காதை வைத்து, மூச்சை இழுக்கச் சொன்னார்.

"இதென்ன புதுசா?" என்றார் மனைவி. ஆனாலும் இழுத்தார்.

வலது தோள்பட்டைக்குக் கீழே, தண்ணீர் தேங்கிய குழாயில் காற்று போகிற மாதிரி ஒரு சத்தம். வீட்டுக்காரர் இரண்டாம் தடவை கேட்கவில்லை, செருப்பைத் தேடினார். நுரையீரலில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் இரண்டு வாரம் போயிருந்தால் எங்கள் கையில் இல்லை என்றார் டாக்டர். பத்தொன்பது நாள் மனைவி வேலை பார்த்த மருத்துவமனையிலேயே இருந்தார்கள். தான் வெளுத்த விரிப்பிலேயே படுத்திருந்த மனைவி, அது சரியாகத் தேய்க்கப்படவில்லை என்று மட்டும் குறைபட்டுக்கொண்டார்.

அந்தப் பத்தொன்பது நாளும் வயலின்காரம்மா சோபாவில் தூங்கினார். அதே பாட்டை வாங்கியிருந்தவர்கள் எல்லோருடைய வீட்டிலும் பியானோ மட்டும்தான் கேட்டதாம். கம்பெனிக்குப் புகார்கள் போயின. ஃபைலை அழித்து மறுபடி இறக்கிப் பார்க்கும்படி பதில் வந்தது. மனைவி வீடு திரும்பிய அன்றுதான் வயலின்காரம்மா வில்லை எடுத்துக்கொண்டு ஸ்பீக்கருக்குள் திரும்பிப் போனார்.

மனைவி அதற்குப்பின் ஆவிப் பக்கம் போகவில்லை. துணி மடிக்கும் பிரிவில் நாற்காலி போட்டுக் கொடுத்தார்கள். அந்தப் பாட்டு இப்போது வாரம் ஒரு தடவைதான் ஓடுகிறது, ஃபேனும் சுற்றுகிறது. முடிந்ததும் வயலின்காரம்மா இறங்கி வந்து காலை நீட்டி உட்காருவார். போன மாதம் பியானோக்காரரும் வந்துவிட்டார். சோபாவில் இடம் போதவில்லை. மாடி வீட்டில் ஒரு நாற்காலி கேட்டு வாங்கிப் போட்டிருக்கிறார்கள்.