வால் வரும்வரை

மேவிஸ் கேக்கை வெட்டிக்கொண்டே இருந்தாள். புருஷன் வில்ஃபைப் புதைத்து முக்கால் மணி நேரம்கூட ஆகவில்லை, அதற்குள் சாண்ட்விச் தட்டு இரண்டு காலி. சைக்கிள் மிதிக்கிறவர்களுக்குப் பசி மட்டும் எங்கே போனாலும் தப்பாது. சவ வண்டிக்குப் பின்னாலேயே மிதித்து வந்தவர்கள், அடியில் இரும்பு வைத்த அந்த ஷூக்களைக்கூடக் கழற்றாமல் சர்ச் ஹாலின் மரத்தரையில் டக்கு டக்கென்று நடந்து டீ ஊற்றிக்கொண்டிருந்தார்கள். காலையில் மேவிஸ் துடைத்த தரை அது.

சைக்கிள் கிளப்பின் கேப்டன் ட்ரெவர் கரண்டியால் கப்பைத் தட்டினான்.

"நாப்பத்தோரு வருஷம். வில்ஃப் போட்டுக் குடுத்த பாதையிலதான் நாம இந்த மலையெல்லாம் ஏறி இறங்கினோம். வரைபடத்துல செங்குத்துன்னு காட்ட ஒரு அம்புக்குறி போட்ட மேடுன்னா 'சின்ன ஏத்தம்'னு எழுதுவாரு. ரெண்டு அம்புக்குறி போட்டதுன்னா 'மேல நல்ல காட்சி'ன்னு எழுதுவாரு. நாக்குத் தள்ள ஏறிப் பாத்தா அங்க நாலு ஆடு நிக்கும்."

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆனா ஒரு ஆள, ஒரே ஒரு ஆளயாவது வழியில விட்டுட்டு வந்திருப்பாரா? அவருதான் நம்ம வால். வால் வந்தாச்சுன்னா எல்லாரும் வந்தாச்சு. ஹெல்கார்த் மேட்டுப் பாதைக்கு இனி அவரு பேரு. கமிட்டியில முடிவு பண்ணிட்டோம்."

கை தட்டினார்கள். மேவிஸ் தட்டவில்லை. அவள் கையில் கத்தி இருந்தது.

வால் என்பது கிளப்பின் சொல். கடைசியில் வருகிறவர். மூச்சு வாங்குகிறவன், டயர் வெடித்தவன், சங்கிலி அறுந்தவன், எவனாக இருந்தாலும் அவனுக்குப் பின்னால் வில்ஃப் இருப்பார். கிளப்பில் யாரும் தலை எண்ணுவதில்லை. மேட்டு உச்சியிலோ டீக்கடையிலோ ட்ரெவர் ஒரே கேள்விதான் கேட்பான்: "வால் வந்தாச்சா?" வந்திருந்தால் கிளம்புவார்கள். வராவிட்டால் இன்னும் யாரோ பின்னால் இருக்கிறார்கள் என்று அர்த்தம், இன்னொரு டீ சொல்வார்கள். வில்ஃப் எழுதிய ஒவ்வொரு பாதைத்தாளின் அடியிலும் ஒரு வரி இருக்கும்: மேட்டில் ஏறிய எவரும் திரும்பி இறங்கக்கூடாது, அது வாலின் வேலை.

ஊரான் பிள்ளைக்கெல்லாம் காத்து நின்ற மனுஷன். நாற்பத்தோரு வருஷ ஞாயிற்றுக்கிழமைகளில் மேவிஸ் அவருடைய சாப்பாட்டுத் தட்டை மூடி அடுப்புக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்ததை எவன் கணக்கில் எடுத்தான்? எத்தனை சண்டை. "உன் பொண்டாட்டி மட்டும் என்னைக்குமே பின்னாலயே கெடக்கா, அவளுக்கு யாரு வாலு?" என்று ஒருமுறை கேட்டே விட்டாள். வில்ஃப் சிரித்துக்கொண்டே குழம்பை ஊற்றிக்கொண்டார். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் வயிறு எரிந்தது.

செத்த அன்றைக்கும் அவர் நேரத்துக்கு வரவில்லை. ஐந்து மணிக்கு ஆத்திரம் தாங்காமல் தட்டை நாய்க்குக் கொட்டினாள். ஆறு மணிக்குப் போலீஸ்காரர் வந்து கதவைத் தட்டினார்.

ஒன்பது நாளாக அவளுக்கு ஒரே ஒரு ஆறுதல்தான். மகன் டங்கன் அன்றைக்குக் கிளப்போடு போயிருந்தான். அவன் சொன்னது: "உச்சியில நின்னு பாத்தோம்மா. காணோம்னதும் அஞ்சு நிமிஷத்துல திரும்பிப் போயிட்டோம். அதுக்குள்ள முடிஞ்சிருச்சு. விளக்க அணைச்ச மாதிரி. அப்பாவுக்கு ஒண்ணுமே தெரிஞ்சிருக்காது." இதைப் பிடித்துக்கொண்டுதான் அவள் இரவில் படுத்தாள், காலையில் எழுந்தாள்.

ஹாலின் பக்கக் கதவு திறந்தது. ரப்பர் பூட்ஸும் சாணக் கறையுமாக ஒரு பெண் தயங்கி நின்றாள். ஹெல்கார்த் மேட்டுக்குக் கீழே ஆட்டுப்பண்ணை வைத்திருக்கும் மிஸஸ் ஆல்டர்சன். வில்ஃபைக் கண்டெடுத்தவள்.

"அடக்கத்துக்கு வர முடியலைங்க. ஆடெல்லாம் குட்டி போடுற நேரம், விடிகாலையிலேருந்து இப்பத்தான் தலை நிமிந்தேன். உங்களப் பாத்து ஒரு வார்த்தை சொல்லாம இருக்க மனசு கேக்கல."

"உள்ள வாங்க. டீ குடிங்க" என்றாள் மேவிஸ்.

"தங்கமான மனுஷன். அந்த நெலமையிலயும் என் ஆடு எத்தனை குட்டி போட்டுச்சுன்னு விசாரிச்சாரு."

மேவிஸ் டீப் பாத்திரத்தின் குழாயை மூடினாள். "யாரு விசாரிச்சது?"

"உங்க வீட்டுக்காரருதான்."

"பேசினாரா?"

மிஸஸ் ஆல்டர்சனுக்கு அப்போதுதான் உறைத்தது. ஹாலை ஒருமுறை பார்த்தாள். பொய் சொல்லத் தெரியாதவள் போல. "உங்களுக்குச் சொல்லலையா? மூணரைக்கு நான் குட்டிங்களப் பாக்க வந்தேன். ரோட்டோரக் கல்செவத்துல சாஞ்சு உக்காந்திருந்தாரு, சைக்கிள பக்கத்துல ஒழுங்கா நிறுத்தி வச்சிருந்தாரு. மொகம் சாம்பலாட்டம். ரெண்டு மணியிலேருந்தே அங்கதான் இருக்கேன், நெஞ்சு கொஞ்சம் புடிச்சுக்கிச்சுன்னாரு. ஒரு கார்கூட நின்னு கேட்டுச்சாம். இவருதான் ஒண்ணுமில்ல, நீங்க போங்கன்னு கைய ஆட்டி அனுப்பிட்டாராம். யாருக்கு எதுக்குத் தொந்தரவுன்னு."

"அப்புறம்?"

"ஆம்புலன்ஸக் கூப்பிடட்டுமான்னேன். வேணாம், பசங்க வந்துருவாங்க, என் மகன் அவங்களோட இருக்கான், அவன் வருவான்னாரு. நான் கேக்கல. அந்தப் பள்ளத்துல போன் எடுக்காது, வீட்டுக்கு ஓடினேன். திரும்பி வந்தப்போ..." அவள் டீக்கப்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "ரோட்டையே பாத்துக்கிட்டிருந்தாரும்மா. மேட்டுப்பக்கம்."

மேவிஸ் அவள் தோளைத் தொட்டாள். "நீங்க ஓடினீங்க. நல்லா இருப்பீங்க" என்றாள். பிறகு கேக் தட்டை எடுத்துக்கொண்டு ட்ரெவரும் டங்கனும் உட்கார்ந்திருந்த மேஜைக்குப் போனாள்.

"எடுத்துக்க ட்ரெவர்."

"போதும் மேவிஸ், ரெண்டு துண்டு ஆச்சு."

"அன்னைக்கு எத்தனை துண்டு?"

"என்னைக்கு?"

"என் புருஷன் செவத்துல சாஞ்சு உக்காந்திருந்த அன்னைக்கு. டீக்கடைக்கு எத்தன மணிக்குப் போய்ச் சேந்தீங்க?"

ட்ரெவர் டங்கனைப் பார்த்தான். டங்கன் தன் கப்பைப் பார்த்தான். அவனுக்கு நாற்பத்து மூன்று வயது. சின்னப் பையனாக ஜன்னலை உடைத்த அன்றும் இப்படித்தான் தலையைக் குனிந்துகொண்டான்.

"ரெண்டு, ரெண்டேகால் இருக்கும்" என்றான் ட்ரெவர். "மேவிஸ், நாங்க நெனச்சது என்னன்னா, வால் வரலன்னா பின்னால யாரோ மாட்டிக்கிட்டு இருக்கான், வில்ஃப் அவனுக்கு பஞ்சர் ஒட்டிக்கிட்டு இருக்காருன்னு. எப்பவும் அப்படித்தானே."

"எத்தனை பேரு கெளம்பினீங்க?"

"இருபத்து நாலு."

"கடையில எத்தனை பேரு இருந்தீங்க?"

ஹாலில் டக்கு டக்குச் சத்தம் நின்றுபோயிருந்தது. ட்ரெவருடைய உதடுகள் அசைந்தன. ஒன்பது நாள் கழித்து இப்போதுதான் எண்ணுகிறான் என்பது அவளுக்குப் புரிந்தது.

"இருபத்து மூணு" என்றான்.

"எல்லாருமே இருந்திருக்கீங்க. பின்னால ஒருத்தனும் இல்ல, என் ஆளத் தவிர. ஒன்னரை மணி நேரம் உக்காந்து தின்னுருக்கீங்க, ஒருத்தனுக்கும் எண்ணத் தோணல."

"ஆம்புலன்ஸ் அந்தப் பக்கம்தாம்மா போச்சு" என்றான் டங்கன். குரல் உடைந்திருந்தது. "ஜன்னல் வழியா பாத்தோம். பாவம், யாருக்கோன்னு ட்ரெவர் சொன்னாரு. அப்பத்தான் எனக்கு அப்பா ஞாபகம் வந்துச்சு. அப்பத்தான் போனேன்."

"அஞ்சு நிமிஷம்னியே."

"திரும்பிப் போகக்கூடாதுன்னு அப்பாதானம்மா விதி போட்டாரு. போன வருஷம் ஒருக்கா இறங்கிப் போனேன். எல்லாரு முன்னாலயும் கிழிச்சுட்டாரு. உன் வேலையப் பாருடான்னாரு. அந்தத் தாள்லயே இருக்கேம்மா..."

"இருக்கு. அத எழுதினவரேதான் பசங்க வருவாங்கன்னு நம்பிக்கிட்டு உக்காந்திருந்தாரு." அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று ட்ரெவரின் முகம் சொன்னது. "என் மகன் வருவான்னு சொன்னாராம், டங்கன். உன்னத்தான் சொல்லியிருக்காரு."

டங்கன் இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டான். பெற்ற வயிறு, அவனைத் தொடத்தான் சொன்னது. கை போகவில்லை. அந்தத் தலைமேல் கை வைத்தால், தட்டை நாய்க்குக் கொட்டிய தன் கைக்கும் சேர்த்து மன்னிப்பு கிடைத்துவிடுமோ என்று பயமாக இருந்தது. அது அவளுக்கு வேண்டாம்.

"ட்ரெவர்" என்றாள். "அந்தப் பாதைக்கு அவரு பேரு வைக்காத. வச்சேன்னா நான் வந்து பலகையப் புடுங்கிப் போட்டுருவேன்."

கோட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தாள். அடக்கத்துக்கு அமர்த்திய கறுப்புக் காரின் டிரைவர் சிகரெட்டைக் கீழே போட்டுவிட்டுக் கதவைத் திறந்தார். வீடு மேட்டுக்கு அந்தப் பக்கம். மழை பிடித்துக்கொண்டது. சைக்கிள்காரர்கள் பள்ளத்தாக்குச் சாலை வழியாகக் கூட்டமாகப் போனார்கள்.

கார் இரண்டாவது வளைவைத் தாண்டியபோது டிரைவர் கண்ணாடியைப் பார்த்தார்.

"உங்க பையன் பின்னால வர்றாரு போலிருக்கு மேடம். எறங்கித் தள்ளிக்கிட்டு வர்றாரு. வெகு தூரத்துல இருக்காரு. என்ன பண்ணட்டும்?"

மேவிஸ் திரும்பிப் பார்க்கவில்லை. "மேல போய் நிறுத்துப்பா."

உச்சியில் சுவரோரமாக நிறுத்தினார். எஞ்ஜின் அணைந்ததும் கூரையில் மழைச் சத்தம் பெரிதானது. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். டிரைவர் மணி பார்த்தார். கண்ணாடியெல்லாம் மூச்சுக் காற்றில் மங்கியது. மேவிஸ் கையுறையால் தன் பக்கத்தை மட்டும் துடைத்துக்கொண்டாள்.

டங்கன் வந்து சேர்ந்தான். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டியது. சைக்கிளை இடுப்பில் சாய்த்துக்கொண்டு, அவள் பக்கத்து ஜன்னலில் கையை வைத்து ஏதோ சொன்னான். கண்ணாடி ஏற்றியிருந்தது. அவள் அவனைத் தலையிலிருந்து கால்வரை ஒருமுறை முழுசாகப் பார்த்தாள். அடி எதுவும் படவில்லை. ஆள் பத்திரமாகத்தான் இருந்தான்.

"போகலாம்" என்றாள்.

டங்கன் கண்ணாடியிலிருந்து கையை எடுக்கும்வரை டிரைவர் பொறுத்திருந்தார். பிறகு வண்டியை எடுத்தார்.