என் பூட்ஸ் போட்டவள்

ஆறு வருடமாக எங்கள் தீயணைப்பு நிலையத்தில் முதல் குழாயின் முனை என் கையில்தான் இருந்தது. தீக்குள் போகும்போது முன்னால் நான், பின்னால் குழாயைத் தாங்கிக்கொண்டு, மீசை என்று நாங்கள் கூப்பிடும் மூத்த வீரர். கர்ப்பம் என்று டாக்டர் சீட்டைக் கொடுத்த அன்றே என்னை வெளியே நிறுத்திவிட்டார்கள். விதி அப்படி, நியாயம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்த முனையை யாரிடம் கொடுத்தார்கள் தெரியுமா? என் நாத்தனாரிடம்.

வீட்டில் அவளைச் சுண்டு என்போம். என் கணவரின் தங்கை. இந்த வேலைக்கு அவளை மனுப் போட வைத்தவள் நான். விடியற்காலையில் எழுப்பி ஏணியில் ஏறி இறங்க வைத்தவளும் நான். எல்லாம் நானே இழுத்து விட்டுக்கொண்டது.

போதாததற்கு என் பூட்ஸும் போனது. அவள் அளவுக்குப் புதியது வர நாளாகும் என்றார்கள். “உங்களோடது சும்மாதானே இருக்கு அண்ணி,” என்று வந்து நின்றாள். சும்மாதான் இருந்தது. ஐந்தாம் மாதத்தில் என் கால் வீங்கி, செருப்புக்கூட நுழைய மறுத்தது. கொடுத்தேன். அது அவள் காலில் தடதடவென்று வண்டியை நோக்கி ஓடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

என் கணவர் வேறு தங்கையைத் தலையில் தூக்கி வைத்து ஆடினார். “நேத்து மூணாவது மாடி வரைக்கும் ஏறிட்டாளாமே.” நான் ஆறு வருடம் ஏறி இறங்கியபோது, “பாத்துப் போ” என்பதற்கு மேல் ஒரு வார்த்தை பேசாத மனிதர். “உனக்கென்ன, நாற்காலி போட்டு உக்காந்த எடத்துல வேலை,” என்று சிரித்தார். அன்று நான் பாத்திரம் கழுவிய வேகத்தில் இரண்டு தட்டு உடைந்தது.

எனக்குக் கொடுத்திருந்தது பலகை வேலை. தீக்குள் போகிறவர்கள் பெயர்த்தகட்டைக் கழற்றி என்னிடம் தருவார்கள். நான் அதைப் பலகையில் மாட்டி, அவரவர் முதுகில் மாட்டிய சிலிண்டரில் உள்ள காற்று எவ்வளவு நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டு, வெளியே கூப்பிட வேண்டிய நேரத்தைப் பக்கத்தில் எழுதி, அந்த நேரத்தில் ரேடியோவில் கூப்பிட வேண்டும். மூச்சு ஆளுக்கு ஆள் மாறும். நான் நிதானமாக விடுகிறவள், இருபத்திரண்டு நிமிடம் உள்ளே இருப்பேன். சுண்டு புதியவள், மளமளவென்று இழுப்பாள். அவளுக்குப் பதினைந்துதான். பயிற்சியில் கடிகாரத்தோடு நின்று அளந்ததே நான்தான்.

“ஆறு மாசம் ஒரு குறையும் இல்லாம ஓட்டிட்டான்னா முனை அவளுக்கே,” என்று ஆபீசர் சொல்லியிருந்தார். “ஏதாவது சொதப்பினா, பிரசவம் முடிஞ்சு வந்து நீங்களே எடுத்துக்கலாம்.” அவள் சொதப்ப வேண்டும் என்று நான் வேண்டிக்கொள்ளவில்லை. சொதப்பினால் வருத்தப்பட்டிருக்கவும் மாட்டேன்.

அன்று மெத்தைக் கிடங்கில் தீ. புகை படாத தூரத்தில் பலகையோடு நின்றேன். சரியாகப் பத்து மணி பத்துக்குச் சுண்டு தகட்டை நீட்டினாள். “வரேன் அண்ணி,” என்று மீசையோடு குனிந்து உள்ளே போனாள். அந்தக் குனிதல்கூட நான் சொல்லிக் கொடுத்தது. பார்த்துக்கொண்டே எழுதினேன்.

பத்து இருபத்தேழுக்கு உள்ளே விசில் சத்தம். சிலிண்டரில் காற்று தீரப் போகிறது என்றால் அது தானாக அடிக்கும். யாருடையது என்று பலகையைப் பார்த்தேன். சுண்டுவின் தகட்டுக்குப் பக்கத்தில் பத்து முப்பத்திரண்டு என்று என் கையெழுத்து. பத்து இருபத்தைந்துக்கே நான் அவளைக் கூப்பிட்டிருக்க வேண்டும். என் மூச்சுக் கணக்கை அவளுக்கு எழுதியிருக்கிறேன். முதல் குழாயின் முனையில் வேறொருத்தி நிற்கிறாள் என்பதை என் கை அன்றுவரை ஏற்றுக்கொள்ளவே இல்லை.

ரேடியோவை எடுத்தேன். அதற்குள் மீசை அவளை இடுப்புப் பட்டையோடு இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டார். முகமூடியைப் பிடுங்கி எறிந்து, மண்டியிட்டு, இருமி இருமி மூச்சு வாங்கினாள். பிறகு எழுந்து நேராக என்னிடம் வந்தாள். பலகையைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். ஈரக் கையுறையால் அந்த நேரத்தைத் துடைத்துவிட்டாள்.

ஆபீசர் ஓடி வந்தார். “ஏன் இவ்வளவு நேரம்? கூப்பிடலையா?”

“அண்ணி கூப்பிட்டாங்க சார். நான்தான் கவனிக்கல.”

ரேடியோ முன்னால் போகிறவளிடம் மட்டும்தான் இருக்கும். மீசைக்கு எதுவும் தெரிய வழியில்லை. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், முனை திரும்ப என்னுடையது. பொய் சொல்வானேன், ஒரு நொடி இனிக்கத்தான் செய்தது.

அப்புறம் அவள் மூக்கைச் சுற்றி அப்பியிருந்த கரியைப் பார்த்தேன். இன்னும் இரண்டு நிமிடம் போயிருந்தால் என் கணவரிடம் என்னவென்று சொல்லியிருப்பேன்?

“கூப்பிடல சார்,” என்றேன். “நேரத்தத் தப்பா எழுதிட்டேன். அவ மேல தப்பில்ல.”

அன்றே பலகையும் கையை விட்டுப் போனது. இனி பிரசவம் வரை ஆபீஸ் அறையில் தொலைபேசிதான். அதற்குப் பிறகு என்னை எங்கே போடுவார்கள் என்று ஆபீசர் சொல்லவில்லை.

மாலையில் நிலையத்தின் கழுவுமிடத்தில் சுண்டு என்னை மடக்கினாள். “ஏன் அண்ணி சொன்னீங்க? நான்தான் சமாளிச்சுட்டேன்ல?” கண் கலங்கியிருந்தது.

“நீ விட்டுக்குடுத்து நான் வாங்கிக்கணுமா? அந்த அளவுக்கு நான் எறங்கிடல. புள்ள பொறக்கட்டும், நானே வந்து பிடுங்கிக்கிறேன்.”

“வாங்க. நான் சும்மா விட்டுட மாட்டேன்.”

“விடாத.”

அவள் பூட்ஸைக் கழற்றிச் சுவரோரம் வைத்தாள். உள்ளே தண்ணீர் தேங்கியிருந்தது. குனிய முடியாமல் குனிந்து, அதை எடுத்துக் கவிழ்த்தேன்.

“ஈரத்தோட நிக்க வைக்காத. தோல் கெட்டுடும். நான் திரும்பப் போட வேண்டியது.”