சண்டைக்கு வராதவர்

தனக்கு உப்பே இல்லாத ஆம்லெட்டும் கணவருக்கு மூன்று மடங்கு உப்புப் போட்ட ஆம்லெட்டுமாகச் செய்து வைத்துவிட்டு, எதிரில் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். அவர் முதல் வாய் எடுத்தார். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கியது. தண்ணீர் குடித்தார். தட்டு காலியானபோது கண் கலங்கியிருந்தது.

"எப்படியிருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில், மிளகு கொஞ்சம் தூக்கலாகிப் போனாலே வீட்டை இரண்டாக்கிய மனுஷன். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

எல்லாம் அந்த மருத்துவர் செய்த வேலை. அவள் தலைவலி என்று போன இடத்தில் படம் எடுத்துப் பார்த்து, மூளையின் இடப்பக்கத்தில் ஒரு ரத்தக்குழாய் வீங்கியிருக்கிறது என்றார். வழக்கமாக இந்த வீக்கம் குழாயின் ஓரத்தில் மொட்டு மாதிரி நிற்குமாம். காம்பில் ஒரு கிளிப்பைப் போட்டு மூடிவிடலாமாம். அவளுடையது அபூர்வமான வகை. எலியை விழுங்கிய பாம்புபோலக் குழாயே உப்பிக் கிடந்தது. கிளிப் போடக் காம்பு இல்லை. காதுக்கு முன்னால் ஓடும் குழாயை மண்டைக்குள் திருப்பித் தைத்து, ரத்தத்துக்கு மாற்றுப்பாதை போட்டுவிட்டு, வீங்கிய துண்டை அடைக்க வேண்டும். செய்தால் பேச்சு போகலாம். செய்யாவிட்டால் வெடிக்கலாம், நாளைக்கோ, முப்பது வருடம் கழித்தோ. வெடிக்காமலே இருந்தாலும் இருக்கலாம். "ஒரு மாசத்துக்குள்ள யோசிச்சுச் சொல்லுங்க" என்ற மருத்துவர், கணவர் பக்கம் திரும்பி, "அதுவரைக்கும் இவங்களுக்கு பிரஷர் ஏறக் கூடாது. கோபப்படுத்தாம பார்த்துக்குங்க" என்றார். அன்றோடு வீட்டில் சண்டை செத்தது.

சண்டை போடாமல் அவளுக்கு யோசிக்கத் தெரியாது. ரயில் நிலையத்தில் டிக்கெட் ஜன்னலுக்குப் பின்னால் இருபது வருடம் உட்கார்ந்தவள்; வரிசையில் இடையில் நுழைகிறவர்களோடும் போன ரயிலுக்கு டிக்கெட் கேட்கிறவர்களோடும் வாய்கொடுத்தே பிழைத்தவள். வீடு மாற்றியது, மகளை வெளியூரில் படிக்க வைத்தது, எல்லாமே ஆளுக்கொரு முனையைப் பிடித்து இழுத்து எடுத்த முடிவுகள்தான். அவர் மறுத்துப் பேசப் பேசத்தான் தன் மனதில் என்ன இருக்கிறதென்று அவளுக்கே தெரியவரும். இப்போது மறுமுனையைப் பிடிக்க ஆளில்லை. மகள்கூட போனில் "சரிம்மா, சரிம்மா" என்கிறாள். இன்று நான்கு மணிக்குள் மருத்துவமனைக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

"ஆபரேஷன் வேண்டாம்னு சொல்லிடப் போறேன்."

"சரி. உனக்கு எது படுதோ அது."

"இல்ல, பண்ணிக்கலாம்."

"அதுவும் சரிதான்."

"உங்க அக்கா மூஞ்சியப் பார்த்தாலே எனக்கு பிரஷர் ஏறுது."

அவர் தாடை இறுகியது. அவள் ஆவலோடு முன்னால் சாய்ந்தாள்.

"வர வேண்டாம்னு சொல்லிடறேன்" என்று தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"தலையாட்டி பொம்மையைக் கட்டியிருந்தாக்கூட ஒருநாள் இல்ல ஒருநாள் மாத்தி ஆட்டியிருக்கும்!"

அதற்கும் அவர் தலையாட்டினார். தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்த் தாழிட்டார். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது.

விடுவதாக இல்லை அவள். கதவு வரை போனவள், கையை ஓங்கியபடி நின்றாள். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் பேச்சுக்குரல்.

"பேச்சு போயிட்டா அப்புறம் நான் எதுக்குங்க?" கீச்சென்ற பெண்குரல். அவர்தான் குரலை மாற்றிப் பேசினார். அது அவளாம்.

பிறகு அவருடைய சொந்தக் குரல்: "போனா போகட்டும்டி. நீ ஒரு முறை முறைச்சா எனக்கு நாலு பக்கத்துக்குப் புரியும். தினம் லிஃப்ட் ரிப்பேருக்குப் போய் அதுக்கு மேலயே ஏறி நின்னு வேலை பார்க்கிறேன், கம்பி அறுந்துடுமோன்னு ஒருநாளும் பயந்ததில்ல. உன் தலைக்குள்ள இருக்கிற கம்பிக்குத்தான் பயப்படறேன். ஆபரேஷனைப் பண்ணிக்க."

மறுபடி கீச்சுக்குரல்: "நீங்க சொன்னா சரிங்க."

அவள் கதவை ஓங்கித் தட்டினாள். "நான் எந்தக் காலத்துல அப்படிச் சொன்னேன்?"

மறுபடியும் தட்டினாள்.

"உங்க வசதிக்கு எனக்கும் சேர்த்துப் பேசுவீங்களா? முறைச்சா உங்களுக்குப் புரியும், சரி. ஜன்னலுக்கு வெளிய நிக்கிறவனுக்குப் புரியுமா? உக்காந்து முறைச்சுக்கிட்டே டிக்கெட் குடுக்கவா? அதுக்குப் பதில் சொல்லுங்க."

"உனக்கு பிரஷர்..."

"அது கிடக்கட்டும். வாளி வழியுது பாருங்க. குழாயை மூடிட்டு வெளிய வாங்க."



"மூட மாட்டேன்" என்றார் அவர்.

கதவின் அடியிலிருந்து தண்ணீர் மெல்ல வெளியே வந்து அவள் கால்விரல்களைச் சுற்றிக்கொண்டு கூடத்தின் பக்கம் நகர்ந்தது. அவள் ஒதுங்கவில்லை. ஈரத்தில் கால்களை அழுந்த ஊன்றி, கதவின்மேல் காதை வைத்தாள்.