வெறும் முகத்தோடு போகக் கூடாது

என் மச்சான் ஜெகதீசனுக்கு வாயில் வராத வார்த்தை ஒன்றே ஒன்றுதான். 'வேண்டாம்.' கெடாரில் சொந்த நிலம், விழுப்புரத்தில் உரக்கடை, வயது முப்பது. எல்லாம் இருந்தும் அந்த ஒரு வார்த்தை இல்லை. கம்பெனிக்காரன் எந்த மருந்தைத் தலையில் கட்டினாலும் வாங்கி அடுக்கிக்கொள்வான். நான் அவன் அக்கா ஜெயத்தைக் கட்டியவன், சுப்பராயலு. வைகாசியில் அவனுக்குக் கல்யாணம் என்பதால், பத்திரிகை வைக்க வண்டியோட்டும் வேலை என் தலையில் விழுந்தது.

பெண் வெண்ணிலா. திண்டிவனத்தில் ஒரு தோல் ஆஸ்பத்திரியில் நர்ஸ். பேசி முடித்த அன்றைக்கே எல்லோர் முன்னாலும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"கல்யாணத்துக்கு அப்பறம் வேலைய விடச் சொல்ல மாட்டீங்களே?"

"சேச்சே" என்றான் ஜெகதீசன். பெண் வீட்டார் முகம் மலர்ந்தது. நானும் பெருமையாக இன்னொரு ஜாங்கிரி எடுத்துக்கொண்டேன்.

ஆனால் எங்களுக்கு முனியம்மாள் என்று ஒரு அத்தை இருக்கிறார். ஜெகதீசனின் அப்பாவோடு பிறந்தவர், திண்டிவனத்தில் வாழ்க்கைப்பட்டவர். அவர் கை பட்டால்தான் எங்கள் வீட்டில் நலங்கே ஆரம்பமாகும். "மருமக வேலைக்கி எல்லாம் போவ மாட்டா, சொல்லிட்டேன்" என்று அவர் சொந்தக்காரர்கள் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருப்பது வெண்ணிலாவின் காதுக்கும் போய்விட்டது. அவள் போன் செய்தாள். "அத்தைக்கு நீங்களே நேர்ல சொல்லிடுங்க. பத்திரிகை வைக்கிற அன்னைக்கே சொல்லிடுங்க. எனக்கு வேற எதுவும் வேணாம்" என்றாள். ஜெகதீசன் சரி என்றான். அது அவனுக்கு நன்றாக வருகிற வார்த்தை.

அக்கினி நட்சத்திரம் தொடங்கி நான்காம் நாள் இருவரும் புறப்பட்டோம். நான் ஹெல்மெட் போட்டுக்கொண்டேன். அவனும் போட்டான். வாசலில் ஜெயம் தடுத்தாள்.

"மாப்ளைன்னு தெரிய வேணாமா? இதப் போட்டுகினு போனா கொரியர் குடுக்க வந்தவன்னு நெனைப்பாங்க."

கழற்றிக் கொடுத்துவிட்டான். இரண்டு நாள் வெறும் தலையோடு, மடியில் தாம்பாளத்தைக் கட்டிக்கொண்டு பின்னால் உட்கார்ந்து வந்தான். மூன்றாம் நாள் காலையில் மூக்கும் நெற்றியும் கன்றிச் சிவந்து, கன்னத்தில் தோல் உரியத் தொடங்கியிருந்தது. தொட்டால் "ஸ்ஸ்" என்றான்.

வெண்ணிலாவுக்கு போட்டோ அனுப்பினான். உடனே கூப்பிட்டாள்.

"பச்சத் தண்ணில துணிய நனைச்சி ஒத்தி எடுங்க. நெறைய தண்ணி குடிங்க. மூஞ்சில துணியக் கட்டிக்கினு வாங்க. வேற எதையும் தேய்க்காதீங்க. முக்கியமா எலுமிச்சம்பழம் கூடவே கூடாது. அதத் தடவிக்கினு வெயில்ல வந்தா இன்னும் மோசமாப் பூடும். சாயந்திரம் வரைக்கும் தள்ளிப்போட வேணாம், அத்தை வீடு முடிஞ்சதும் நேரா ஆஸ்பத்திரிக்கி வந்துடுங்க, நான் பாக்கறேன்."

இதைவிடத் தெளிவாக டாக்டரே சொல்லியிருக்க முடியாது. ஆனால் பத்திரிகை வைக்கப் போகிற வீட்டின் சட்டம் வேறு. அந்த வீட்டில் எதையாவது வாயில் போடாமல் எழுந்தால் அது கல்யாணத்துக்கே ஆகாது. என் கல்யாணத்தின்போது நான் பாதி காபியை வைத்துவிட்டு எழுந்த ஒரே குற்றத்துக்காக, ஒரு பெரியப்பா பதினோரு வருஷமாக என்னோடு பேசுவதில்லை. அன்றைக்குக் காபியில் எறும்பு கிடந்தது என்பது வேறு விஷயம்.

அன்றைக்கு முதலில் விழுப்புரத்தில் சித்தப்பா வேங்கடேசன் வீடு. சித்தி இவன் முகத்தைப் பார்த்ததும் தாம்பாளத்தைக்கூட வாங்கவில்லை.

"அய்யய்யோ, மாப்ள மூஞ்சி இப்பிடியா இருக்கும்? ஒக்காரு, தோ வர்றேன்."

தக்காளியை இரண்டாக அறுத்து, சர்க்கரையில் தொட்டுக் கொண்டுவந்து தேய்த்தார். உரிந்துகொண்டிருந்த தோலில் சர்க்கரை. ஜெகதீசனின் கண்ணில் நீர் வந்தது. சித்தி அதைப் பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

"வேணாம்னு சொல்ல வேண்டியதுதானடா?" என்றேன், வெளியே வந்ததும்.

"எப்பிடி மாமா? ஆசையாச் செய்யறாங்க."

எங்கள் வண்டி விக்கிரவாண்டியைத் தொடுவதற்குள் சித்தியின் போன் அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது. அவன் ஒன்றுவிட்ட தங்கை மலர்விழி வாசலிலேயே கிண்ணத்தோடு நின்றாள். கடலைமாவும் தயிரும்.

"சித்தி வூட்ல தக்காளி தடவிக்கினியாமே அண்ணா. எங்க தயிரு மட்டும் ஆவாதா?"

ஆகும் என்றான். ஆகாது என்று அவன் எதைத்தான் சொன்னான்? மாவு காய்ந்து முகம் இறுகியது. சிரித்தால் வெடிக்கும் என்பதால் அவனால் சிரிக்க முடியவில்லை. மலர்விழிக்கு அது வருத்தம். "அண்ணன் மூஞ்சியே சரியில்ல" என்று உள்ளே போய்ச் சொன்னாள்.

கூட்டேரிப்பட்டில் தேவசகாயம் வாத்தியார், என் மாமனாரின் சிநேகிதர். படித்தவர், இவராவது விடுவார் என்று நம்பினேன். அவர் இந்த நாட்டு வைத்தியங்களை எல்லாம் மூடநம்பிக்கை என்று அரைமணி நேரம் கண்டித்துவிட்டு, டூத் பேஸ்ட்டைக் கொண்டுவந்து பூசினார். "தீப்புண்ணுக்கே இதான்பா, சயின்ஸ்" என்றார்.

ஆக, வெறும் வாயோடு அனுப்பக் கூடாது என்றிருந்த வழக்கம் ஒரே நாளில் வெறும் முகத்தோடும் அனுப்பக் கூடாது என்று வளர்ந்துவிட்டது. எனக்கு எரிச்சல் எரிச்சலாக வந்தது. இந்த ஊர்வழியில் மல்லாட்டைக் கொல்லையில் காலையிலிருந்து கடலை பிடுங்கக் குனிந்து நிற்கிற பெண்களின் முகத்தைப் பார்த்து யாராவது ஒரு தக்காளி எடுத்து வந்ததுண்டா? மாப்பிள்ளை கறுத்தால் மட்டும் குடும்பத்தின் மானம் போகிறது.

அத்தை வீட்டுக்குப் போய்ச் சேரும்போது மணி ஒன்று. படி ஏறும் முன் அவன் தோளைப் பிடித்தேன்.

"மச்சான், மொதல்ல வெண்ணிலா வேல விஷயம். அப்பறம்தான் பத்திரிகை. புரியுதா?"

"சொல்லிடறேன் மாமா. மனசுக்குள்ள சொல்லிப் பாத்துகினேதான் வர்றேன்."

அத்தை அவனைப் பார்த்தார். தக்காளி, தயிர், பேஸ்ட் மூன்றின் மிச்சமும் அந்த முகத்தில் இருந்தது.

"எவ எவளோ கை வெச்சிருக்காளே! பெத்த அத்த நான் ஒருத்தி இருக்கும்போது?"

பெற்றது அத்தை இல்லை என்று திருத்த யாருக்கும் தைரியம் இல்லை. அவனை முற்றத்துக் குழாயடியில் உட்காரவைத்து எல்லாவற்றையும் கழுவினார். அதுவரை நல்லதுதான். பிறகு எலுமிச்சம்பழம் வந்தது. ஒன்று இல்லை, மூன்று.

ஜெகதீசன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். என் கையில் அத்தை கொடுத்த மெதுவடை இருந்தது.

"அத்த..." என்றான்.

"பேசாத, வாயில எறங்கிடும்." பாதிப் பழத்தை நெற்றியில் வைத்து அழுத்தித் தேய்த்தார். "ஆமா, அந்தப் பொண்ணு வேலைய எப்ப வுடறா? இந்த மாசத்தோடயா?"

அவன் கால் கட்டைவிரல் இரண்டும் தரையைப் பிறாண்டின. கண்ணை இறுக்கிக்கொண்டிருந்தான்.

"கேக்கறேன்ல? வுட்டுடுவாதான?"

தலை மேலும் கீழும் ஆடியது. பூம்பூம் மாடு தோற்றுப்போகும். "சரிங்க அத்த" என்று வேறு சொன்னான்.

"ராத்திரி வரைக்கும் கழுவாத. நான் வீடியோ கால்ல பாப்பேன்." அத்தை என் பக்கம் திரும்பினார். "இன்னும் ரெண்டு வடை வெக்கட்டா மாப்ள?"

வைக்கச் சொன்னேன். நான் ஏதாவது சொல்லியிருக்கலாம். இடித்த புளி மாதிரி உட்கார்ந்து வடை தின்றேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஆஸ்பத்திரி பத்து நிமிஷ தூரம்தான். அந்தப் பத்து நிமிஷ வெயிலில் அவன் என் முதுகில் முகத்தைப் புதைத்துக்கொண்டு முனகியபடி வந்தான். வெண்ணிலா அவனைப் பார்த்த பார்வையில் கோபம் இல்லை. பயம்தான் இருந்தது. கன்னம் இரண்டும் தணலாகச் சிவந்திருந்தன. கையைப் பிடித்து அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள்.

"எலுமிச்சம்பழமா?"

தலையாட்டினான். தக்காளியிலிருந்து மற்ற எல்லாவற்றையும் நான்தான் சொன்னேன்.

"கழுவணும். குனிங்க."

"வேணாம் வெண்ணிலா" என்றான் ஜெகதீசன்.

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. இத்தனை வருஷத்தில் அவன் வாயில் அந்த வார்த்தையை நான் கேட்டதே இல்லை.

"ராத்திரி வரைக்கும் கழுவக் கூடாதுன்னு அத்த சொல்லிச்சி. வீடியோ கால் பண்ணும்."

அவள் குழாயிலிருந்து கையை எடுத்தாள். பிறகு கேட்டாள். "வேலை விஷயம் சொல்லிட்டீங்களா?"

அவன் என்னைப் பார்த்தான். நான் சுவரில் மாட்டியிருந்த தேமல் படத்தைப் பார்த்தேன்.

"சரி. இப்ப போன் போடுங்க. நான் பக்கத்துலயே இருக்கேன். ரெண்டே வார்த்தை."

"இப்ப வேணாம். கோச்சிக்கும். நலங்கு வெக்க வராமப் பூடும். கொஞ்ச நாளு நீ லீவு போட்டுக்க, அப்பறம் பாத்துக்கலாம்."

"லீவெல்லாம் போட முடியாது."

"அப்ப வேலையே வேணாம், வுட்டுடேன். இதுக்கு ஏன் பேஜாரு?"

அரை நிமிஷத்துக்குள் மூன்று முறை. தடங்கலே இல்லாமல் வந்தது. வெண்ணிலாவும் எண்ணியிருக்க வேண்டும். அவள் குரல் உயரவில்லை.

"காலைலேந்து நாலு வூட்ல வேணாம்னு சொல்ல வரல உங்களுக்கு. என்கிட்ட மட்டும் எவ்ளோ சுளுவா வருது!"

அவள் அவன் தலையைக் குனியவைத்து, குழாயைத் திறந்து, பச்சைத் தண்ணீரை மெல்ல ஊற்றிக் கழுவினாள். மெல்லிய துணியால் தேய்க்காமல் ஒற்றி எடுத்தாள். வெள்ளையாக ஏதோ களிம்பைப் பூ வைப்பதுபோலத் தொட்டுத் தொட்டு வைத்தாள். அவ்வளவு பொறுமை. எனக்கு அழுகை வந்துவிட்டது.

"நாலு நாளு வெயில்ல போவாதீங்க. தோலைப் பிய்க்காதீங்க. கொப்புளம் வந்தா டாக்டரப் பாருங்க." களிம்பு டப்பாவை மூடி அவன் கையில் கொடுத்தாள். "கல்யாணம் வேணாம்னு எங்க வூட்ல நானே சொல்லிக்கிறேன். எனக்குச் சொல்ல வரும்." பிறகு என்னிடம், "பாத்துக் கூட்டிக்கினு போங்கண்ணா" என்றாள். வெளியே பெஞ்சில் காத்திருந்தவர்களைப் பார்த்து, "அடுத்தது யாரு?" என்று கூப்பிட்டாள்.

வேப்பமரத்து நிழலில் வண்டி பக்கத்தில் நின்றோம். ஜெகதீசன் களிம்பு முகத்தோடு பத்திரிகைப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி வாசலைப் பார்த்தான். உள்ளே போய் ஒரு வார்த்தை பேசிவிட்டு வா என்று நான் சொல்லியிருந்தால் போயிருப்பான். அவன்தான் யார் சொன்னாலும் கேட்பவன் ஆயிற்றே. நான் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் என் போன் அடித்தது. ஜெயம்.

"எங்க இருக்கீங்க? மயிலம் பெரியம்மா பப்பாளிய மசிச்சி வெச்சிக்கினு ஒக்காந்துருக்காங்களாம். சாப்பாடு கூட ரெடியாம். நேரமாச்சேன்னு மூணு தபா போன் பண்ணிட்டாங்க. வர்றீங்களா இல்லியா?"

நான் ஜெகதீசனைப் பார்த்தேன். அவன் மெல்லத் தலையை மேலும் கீழும் ஆட்டினான்.

"ஜல்தியா வந்துகினே இருக்கோம்னு சொல்லு" என்றேன்.