சத்தம் கூட்ட ஆளில்லாத வீடு

1

இந்தக் கதை ஒரு சண்டையில் பிறந்தது. சண்டை போட்டவர்கள் நானும் என் மனைவி கேஷிகாவும். இலங்கை மலையகத்து ஹட்டன் கடைத்தெருவில் ஓர் இரும்புக் கடைக்கு மேலே, இரண்டு அறைகளில் குடியிருக்கிறோம். ஒரு சாயங்காலம் எதற்கோ குரல் உயர்ந்தது. உடனே கீழே கடைக்கார ராமநாதன் ரேடியோவின் சத்தத்தைக் கூட்டினார். பக்திப் பாட்டு படியேறி வந்தது. எனக்கு எரிச்சல். கேஷிகாவோ சிரித்துவிட்டாள்.

"அவரு மரியாத தெரிஞ்ச மனுசன். லயத்துல நாங்களும் இப்படித்தான் செய்வோம்" என்றாள்.

தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவள் அவள். அங்கே காம்பரா என்கிற சின்னஞ்சிறு வீடுகள் ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருக்கும். நடுச்சுவர்கள் கூரையைத் தொடாது. ஒரு வீட்டில் இருமினால் கடைசி வீட்டுக்குத் தெரியும். அதனால் எங்காவது புருஷன் பெண்டாட்டி குரல் உயர்ந்தால், பக்கத்துக் காம்பராவில் டிவி சத்தத்தைக் கூட்டிவிடுவார்கள். தங்கள் காதில் விழவில்லை என்று காட்டுவதற்கு. காதில் விழுந்துவிட்டது என்று சொல்வதற்கும் அதே சத்தம்தான். சண்டைக்காரர்கள் அடங்கி, மிச்சச் சண்டையைக் கிசுகிசுத்து முடிப்பார்கள்.

அன்றே எழுத உட்கார்ந்தேன். எங்கள் சண்டை அந்தரத்தில் நின்றுபோனது.

2

முதல் தொடக்கம்: "பச்சைக் கம்பளம் விரித்த மலைகளின் மேல் பனி—" (வேண்டாம். அந்தக் கம்பளத்தைப் பலரும் மிதித்துவிட்டார்கள்.)

இரண்டாம் தொடக்கம்: "ஒருவரின் மனநலத்தை அவர் வாழும் வீட்டின் வெளிச்சமும் காற்றோட்டமும் தனிமையும் பெருமளவில் தீர்மானிக்கின்—"

கேஷிகா தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள். "இது கிளினிக் சுவத்துல ஒட்டுற நோட்டிசா?"

மூன்றாம் தொடக்கம்: "லோஜினிக்கு நெஞ்சு அடைத்தது." இதை மட்டும் கேஷிகா அடிக்க விடவில்லை, உண்மை என்பதால்.

3

லோஜினி கேஷிகாவின் சித்தி மகள். வட்டவளைப் பக்கம் ஒரு தோட்டத்தில் கொழுந்து பறிக்கிறாள். கணவன் விஜிதரன் ஹட்டனில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். கல்யாணமான நாளிலிருந்து லயத்தில் வாசம். கொஞ்ச காலமாக அவளுக்கு நெஞ்சில் கல் வைத்தாற்போல் இருந்தது. டாக்டர் எல்லாம் பார்த்துவிட்டு, உடம்பில் குறையில்லை, எதையும் மனசில் அடக்கி வைக்காதே என்றார்.

"வெளிய சொன்னா லயம் பூரா கேக்குமே டாக்டர்" என்றாளாம் லோஜினி.

பிறகு அவர்களுக்குத் தனி வீடு கிடைத்தது. லயத்துக்கு மேலே மேட்டில், நான்கு பக்கமும் காற்று வர, பக்கத்து வீடு கூப்பிடு தூரத்துக்கும் அப்பால். கதையை இங்கேயே முடித்திருக்கலாம். ஆனால் அங்கு போன பிறகு அவளுக்கு நெஞ்சு இன்னும் அடைத்தது. கூடவே தூக்கமும் போனது. பழைய காம்பராவின் சாவியை வெள்ளிக்கிழமை தோட்ட ஆபிசில் கொடுக்க வேண்டும்; அங்கே புதுக் குடும்பம் வருகிறது. கொடுத்துவிட்டால் திரும்பிப் போக முடியாது. லோஜினி அந்தச் சாவியைக் கைப்பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தாள்.

4

இங்கே எனக்கு அவள் மீது சந்தேகம் வந்தது. நல்ல வீட்டில் ஒருத்திக்கு ஏன் மூச்சு முட்ட வேண்டும்? சன்னலோரம் உட்கார்ந்து, கீழே லயத்தைப் பார்த்து அவள் அழுவதாக ஒரு பக்கம் எழுதினேன். எழுதி முடித்து மூக்கைச் சிந்தினேன்.

கேஷிகா படித்துவிட்டுத் தாளைத் திருப்பி வைத்தாள். "அவ அழவே இல்ல. நீங்கதான் அழுதிருக்கீங்க."

"பிறகு என்னதான் செய்தாள்?"

"கத்துனா."

(அழுகைப் பக்கத்தை எடுத்துவிட்டேன். கொஞ்சம் வருத்தம்தான், நல்ல பக்கம் அது.)

5

நடந்தது இது. விஜிதரன் வேலை முடிந்து வந்ததும் நேராகக் கீழே லயத்துக்குப் போய்விடுவான். பழைய பக்கத்து வீட்டுக்காரர் செல்லசாமியின் வாசலில் கதை பேசிவிட்டுச் சோற்று நேரத்துக்குத்தான் ஏறி வருவான். லோஜினி தனியே இருப்பாள். அவன் வந்ததும், லயத்தில் பழகியபடி, கிசுகிசுவென்று கோபப்படுவாள். அவன் தலையாட்டுவான். மறுநாளும் போவான்.

புதன்கிழமை அவள் பிளேன்டீயை அவன் முன்னால் வைத்துவிட்டு வாயைத் திறந்தாள்.

"ஒங்களுக்குப் புது வீடு, படுக்கத்தானா? நான் இங்க ஒத்தையில கெடக்கேன், நீங்க அங்க போயி சிரிச்சிக்கிட்டு இருக்கீங்க."

அவள் குரல் அவளுக்கே புதிது. அதோடு நிற்கவில்லை. கல்யாணத்தில் அவன் அக்கா சொன்ன சொல், அவளைக் கேட்காமலே அவன் விற்ற ஆடு, எல்லாம் வந்தன. நடுவில் சட்டென்று நிறுத்திக் காது கொடுத்தாள். யாராவது டிவி சத்தத்தைக் கூட்ட வேண்டும். அப்போதுதானே அடங்க முடியும்? யாரும் கூட்டவில்லை. எங்கே நிறுத்துவதென்று தெரியாமல் நடுவீட்டில் நின்றாள்.

விஜிதரன் எழுந்தான். முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போய், தங்கள் டிவியின் சத்தத்தையே கூட்டிவிட்டு வந்து உட்கார்ந்தான்.

"ஏங்க, யாருக்குக் கேக்கக் கூடாதுன்னு கூட்டுறீங்க?"

அவன் டிவியைப் பார்த்தான், அவளைப் பார்த்தான். "தெரியல புள்ள. கை தானா போயிருச்சி."

லோஜினிக்குச் சிரிப்பு பொங்கியது. அதுவும் சத்தமான சிரிப்பு. டிவி சத்தத்துக்கு மேலே கத்தி, மிச்சமிருந்ததையும் சொல்லி முடித்தாள். அன்றிரவு நன்றாகத் தூங்கினாளாம். இதைக் கேட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

6

முடிவுகள் இரண்டு எழுதினேன்.

ஒன்று: வெள்ளிக்கிழமை லோஜினி சாவியைக் கொடுத்துவிடுகிறாள். விஜிதரன் சாயங்காலங்களில் வீட்டில் இருக்கிறான். செல்லசாமி மேலே வந்து கதை பேசுகிறார்.

மற்றது: ஒருநாள் சிரிப்பு மறுநாளைக்குப் போதவில்லை. அவள் சாவியோடு லயத்துக்கே இறங்குகிறாள், நெஞ்சு அடைத்தாலும் பரவாயில்லை, பக்கத்தில் ஆள் இருந்தால் போதும் என்று.

"எது நடந்தது?" என்று கேஷிகாவைக் கேட்டேன்.

"கதைய எழுதுறவருக்குத் தெரியாதா?" என்றாள். அந்தரத்தில் நின்ற எங்கள் சண்டையின் பாக்கி அது.

7

ஞாயிற்றுக்கிழமை லோஜினியே கூப்பிட்டாள். கேஷிகா போனை மேசையில் வைத்து எனக்கும் கேட்க விட்டாள். அந்தப் பக்கம் டிவி அலறியது.

"ஏன்டி இவ்ளோ சத்தம்?"

"சண்ட போட்டுக்கிட்டு இருக்கோம்க்கா. அப்புறம் பேசுறேன். அத்தான கேட்டதா சொல்லுங்க."

போன் வைக்கப்பட்டது. அந்த டிவி செல்லசாமியுடையதா, விஜிதரனுடையதா? எந்த வீட்டிலிருந்து பேசினாள்? கேட்டிருக்கலாம், கேட்கவில்லை. சாவியை உங்களிடம் விடுகிறேன், நீங்களே கொடுங்கள், அல்லது வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றை மட்டும் சொல்லிவிடுகிறேன். அவள் கிசுகிசுக்கவில்லை. அத்தனை டிவி இரைச்சலையும் தாண்டி, அவள் சொன்னது ஒரு சொல் விடாமல் எனக்குக் கேட்டது.

கேஷிகா என் பக்கம் திரும்பினாள். "சரி, அன்னிக்கி நாம எதுல நிப்பாட்டினோம்?"

கீழே ராமநாதனின் காலடி ரேடியோப் பக்கம் போவது கேட்டது.