மூடப்பட்டது: போதிய ஆதரவு இல்லை

1

இந்தக் கதை ஓர் இணையப் பக்கத்திலிருந்து வந்தது. பாட்டு கேட்கும் சேவை ஒன்று (பெயர் வேண்டாம், கோபமாக இருக்கும்போது யார் பெயரையும் சொல்லக் கூடாது) பயனர்கள் கோரிக்கை வைப்பதற்கென்று ஒரு மன்றம் நடத்தியது. அங்கே யாரோ எழுதியிருந்தார்கள்: "ஃபிளாஷைத் தயவுசெய்து மாற்றுங்கள். எனக்குப் பார்வை இல்லை. உங்கள் பக்கத்தில் பாட்டைத் தொடங்கவே என்னால் முடியவில்லை." கீழே நீளமாக, அன்பான பதில்கள். எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சாம்பல் பட்டை. அதில் இருந்ததைத்தான் தலைப்பாக வைத்திருக்கிறேன்.

இத்தனை அன்பு இருந்தும் அந்தப் பட்டை எப்படி வந்தது? அதைப் புரிந்துகொள்ளத்தான் எழுத உட்கார்ந்தேன். புரிந்தபின், உட்காராமலே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

2

முதல் தொடக்கம்:

தொன்கா ஜன்னலோரம் உட்கார்ந்து தன்யூப் நதியைப் பார்த்தபடி—

(அடித்துவிட்டேன். அவளுக்குக் கண் தெரியாது. படைத்த நானே முதல் வரியில் மறந்துவிட்டேன். அந்தச் சேவையைக் கட்டியவர்களும் இப்படித்தான் மறந்திருப்பார்கள். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை.)

இரண்டாவது:

தன்யூப் கரையிலுள்ள ரூசே நகரில் ஓர் அடுக்குமாடியில் தொன்கா தனியாக இருந்தாள். ஆஸ்பத்திரியில் தொலைபேசி இணைப்புக் கொடுக்கும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். அவளுடைய கணினியில், திரையில் உள்ளதை வாசித்துச் சொல்லும் ஒரு குரல் இருந்தது. செய்தி, வானிலை, சமையல் குறிப்பு எல்லாம் அது வாசிக்கும். பாட்டுப் பக்கம் மட்டும் ஃபிளாஷ் என்ற பழைய நுட்பத்தால் செய்தது. அதற்குள் போனதும் குரல் குழம்பி, "பொத்தான், பொத்தான், பொத்தான்" என்று சொல்லும். எது எதற்கான பொத்தான் என்று சொல்லாது. அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது.

கணவன் கமென் இருந்தவரை அவன் மவுஸைப் பிடித்து அழுத்திவிடுவான். உனக்கொன்று எனக்கொன்று என்று சண்டை போட்டு இருவரும் அடுக்கிய பாட்டுத் தொகுப்பு அங்கேதான் இருந்தது. வசந்தகாலத்தில் அவன் போய்விட்டான். பாட்டுகள் ஒரு பொத்தானுக்கு அந்தப் பக்கம் நின்றுவிட்டன.

(கைபேசியில் கேட்கலாமே என்பீர்கள். அவளுடையது எண்களைத் தடவிப் பார்த்து அழுத்தும் பழைய கைபேசி. அதில் பேச மட்டும்தான் முடியும்.)

3

எதிர்வீட்டு ஸ்வெத்லா தினமும் காலையில் வேலைக்குப் போகுமுன் வந்து அழுத்திவிட்டுப் போவாள். தொகுப்பு முடிந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். தொன்கா கணினியை மடித்து வைத்துவிடுவாள்.

"என்னக்கா, உன் வீட்டுக்காரர் பாட்டு டிராக்டர் ஓட்டற மாதிரி இருக்கு."

"கொஞ்சம் பொறுடி, அடுத்தது என்னோடது."

"உன்னோடதா? ஆட்டை யாரோ மிதிச்ச மாதிரி இருக்குமே, அதானே?"

"காதைப் பொத்திக்கிட்டுப் போயேன். உன்னை யாரு கேக்கச் சொன்னா?"

(ஸ்வெத்லா இவ்வளவு நல்லவளாக இருப்பாளா என்று சந்தேகப்பட்டேன். ஒரு கெட்ட குணம் கொடுத்துப் பார்த்தேன். அவளிடம் அது ஒட்டவில்லை. கடவுள் உலகத்தை இப்படிப்பட்ட சின்ன உதவிகளால்தான் தாங்கிப் பிடித்திருக்கிறார் என்று நம்புகிறவன் நான். இந்தக் கதையை எழுதத் தொடங்கும்போது இன்னும் உறுதியாக நம்பினேன்.)

ஆனால் ஸ்வெத்லாவுக்கு ஸ்பெயினில் வேலை கிடைத்தது, முதியவர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை. கமெனின் அரையாண்டு நினைவு நாள் முடிந்ததும் கிளம்புவதாக இருந்தாள்.

"அவங்க பக்கத்தைச் சரி பண்ணிட்டா உனக்கு நான் எதுக்கு? எழுதிப் போடுக்கா."

தொன்கா எழுதிப் போட்டாள்.

4

மன்றத்தில் ஒரு விதி இருந்தது. கோரிக்கைக்கு மேலே ஓர் அம்புக்குறி இருக்கும். அதை அழுத்தினால் ஒரு வாக்கு. குறித்த காலத்துக்குள் போதிய வாக்கு சேராவிட்டால் கோரிக்கை தானாக மூடிக்கொள்ளும்.

போர்ட்டோவிலிருந்து ஒருவர் எழுதினார். க்தான்ஸ்க்கிலிருந்து ஒரு பெண், தன் தம்பிக்கும் பார்வையில்லை என்றாள். "நானும்", "என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்", "தைரியமாக இருங்கள் அம்மா." குரல் வாசித்து முடிக்குமுன்பே தொன்கா போய் ஸ்வெத்லாவின் கதவைத் தட்டினாள்.

"வந்து கேளுடி! உலகம் பூரா எனக்காகப் பேசுது!"

நினைவு நாளன்று, அந்த ஊர் வழக்கப்படி, கட்டட வாசலில் கமெனின் புகைப்படத்தோடு புது அறிவிப்பு ஒட்டி, வேகவைத்த கோதுமையை அண்டை வீடுகளுக்குக் கொடுத்துவிட்டு வந்து கணினியைத் திறந்தாள். நிர்வாகியின் பதில் வந்திருந்தது. போதிய ஆதரவு இல்லாததால் மூடுகிறோம். பங்கேற்றமைக்கு நன்றி.

"ஆதரவு இல்லையா? இத்தனை பேர் பேசினாங்களே?"

கூட வந்திருந்த ஸ்வெத்லா திரையை மேலிருந்து கீழ்வரை படித்தாள். "எல்லாரும் எழுதிட்டுப் போயிருக்காங்கக்கா. மேல இருக்கற அம்பை அழுத்தல. எழுதினாலே சேந்துடும்னு நெனச்சிருக்காங்க."

"ஒருத்தர்கூடவா?"

"ஏதோ கொஞ்சம் பேர். நீ அழுத்தினியா?"

"கேட்டதே நான்தானே. எனக்கு எதுக்கு வாக்கு?" பிறகு மெல்லக் கேட்டாள்: "நீ?"

 ஸ்வெத்லா மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"விடுடி. நீதான் தினமும் ஒரு பொத்தானை அழுத்தினியே" என்றாள் தொன்கா.

5

இங்கே ஒரு கட்டுரை எழுதி, கிழித்துப் போட்டேன். இரக்கம் பொய்யில்லை என்று அதில் சொல்லியிருந்தேன். க்தான்ஸ்க் பெண் உண்மையாகவே வருந்தினாள். ஆனால் அந்த வருத்தம் வாக்கில் சேரவில்லை. நம் ஜெபங்களில் எத்தனை இப்படி, எழுதிவிட்டுப் போனவை? என்னுடையவற்றில் எத்தனை? தெரியவில்லை. தெரிந்துகொள்ளப் பயமாக—

முடிவு ஒன்று: அந்தச் சேவையின் பொறியாளர் ஒருவர் கோரிக்கையைப் படித்து மனம் கலங்குகிறார். (எழுதிப் பார்த்தேன். அவரும் ஓர் அன்பான பதில் எழுதிவிட்டுப் போனார்.)

முடிவு இரண்டு: ஸ்வெத்லா பயணத்தை நிறுத்திவிடுகிறாள். (ஒருத்தியின் பாட்டுக்காக இன்னொருத்தியின் பிழைப்பை நிறுத்த எனக்கு உரிமை இல்லை.)

6

ஆகவே நடந்தது இவ்வளவுதான். கிளம்பும் காலையில் ஸ்வெத்லா பெட்டியோடு உள்ளே வந்தாள்.

"அக்கா, முடிஞ்சதும் மறுபடி முதல்லேருந்து பாடற மாதிரி வெச்சிருக்கேன். சார்ஜரைக் கழட்டாத. மூடியை மடிக்காத. எந்தக் காரணம் கொண்டும் மடிக்காத."

"தூங்கும்போது?"

"ஸ்பீக்கரைக் கொறச்சுக்கோ. அது பாட்டுக்குப் பாடட்டும்."

அன்றிலிருந்து அந்த வீட்டில் பாட்டு நிற்கவில்லை. படுக்கப்போகும்போது தொன்கா ஒலியைத் திருகி அணைத்தாள். யாருக்கும் கேட்காமல் கமெனின் முறையும் அவள் முறையும் மாறி மாறிப் போய்க்கொண்டிருந்தன. விழித்ததும் திருகித் திறந்தாள். நடுவில் எந்தப் பாட்டு வந்து நிற்கிறது என்பதே அவளுடைய காலைப்பொழுதாயிற்று. தூசி தட்டக்கூட அந்த மேசைப் பக்கம் போகவில்லை.

கதை எழுதப் பழகிய எவரும் அடுத்து என்ன செய்வார் என்று உங்களுக்குத் தெரியும். மின்சாரம் போக வேண்டும், பழைய கணினியின் பேட்டரி தாங்காமல் விட வேண்டும். மின்சாரம் திரும்ப வரும், பாட்டு வராது. அந்த வரியைப் பலமுறை தொடங்கினேன்:

பனி பெய்த ஒரு மாலையில், நதியிலிருந்து காற்று பலமாக வீச

இதற்குமேல் கை போகவில்லை.

மின்சாரம் போகத்தான் போகிறது. ரூசேயின் குளிர்காலம் எனக்குத் தெரியும். தொன்காவுக்கும் தெரியும், அதனால்தான் சாமி படத்துக்கு முன் விளக்கேற்றும்போது வேறெதுவும் கேட்காமல் மின்சாரத்துக்காக மட்டும் வேண்டுகிறாள். அவள் பாட்டை நிறுத்துகிறவன் நானாக இருக்க மாட்டேன். இதுதான் என்னால் முடிந்த சின்ன உதவி. போதாது என்று அறிவேன்.

கமெனின் பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது. நான் எழுந்து போகிறேன். நீங்கள் இன்னும் அந்த அறையில்தான் இருக்கிறீர்கள்.